மடக்கு மின்சைக்கிள்: ஒரு சூத்திரமும் அதன் உரையும்

மடக்கமும் ஓட்டமும் ஒருங்கே உடைத்தாய்ச்
சுமப்போர்க் காகாச் சுமையே அதுவே.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் குடியிருக்கும் தமிழ் ஐடி ஊழியர் மடக்கு மின்சைக்கிள் வாங்கலாமா என்பதை ஆராய்தல் நுதலிற்று.

பொழிப்பு: மடங்கும்; தானே ஓடும்; தூக்கத்தான் முடியாது.

விரிவு: மோட்டார் எதற்கு? மேடேற. 1999இல் தோன்றிய ஹிட்கோ நிறுவனம் ராஜார்ஹாட்டின் வயல்களில் எழுப்பிய ஊர் நியூ டவுன். கங்கைச் சமவெளியின் தட்டை நிலம். மேடு வேண்டுவோர் மேம்பாலம் தேடிப் போக வேண்டும். மடிப்பு எதற்கு? இட நெருக்கடிக்கு. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் பிராம்ப்டன் சைக்கிளை வடிவமைத்தபோது அவ்வூருக்கு மடிப்பு தேவைப்பட்டது. நியூ டவுன் அடுக்ககங்களிலோ லிஃப்ட் உண்டு, கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்த இடமும் உண்டு. எனவே மோட்டாருக்கு மேடில்லை, மடிப்புக்கு நெருக்கடியில்லை என்பது பெற்றாம்.

இனி, இரண்டு குணங்களும் ஒன்றையொன்று கெடுப்பன. மடிப்பது தூக்குதற்பொருட்டும் ஆம். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் வண்டி ஏறத்தாழ 20 கிலோ. மடிப்பு தூக்கச் சொல்லும், மோட்டார் தூக்க விடாது.

தடை 1: 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைய அரை யூனிட் மின்சாரம் போதும். 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டால் லைசென்ஸும் வேண்டா, பதிவும் வேண்டா என்பாரும் உளர். விடை: மெய்யே. மடங்காத மின்சைக்கிளுக்கும் இவை பொருந்தும்.

தடை 2: கொல்கத்தா போலீசார் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடுத்தனர், பின்னர் அது 62 ஆயிற்று. அத்தகைய சாலை வந்தால் மடித்துத் தூக்கிக் கடக்கலாமே எனின், போலீஸ் தடுக்காது, முதுகு தடுக்கும்.

தடை 3: விமான நிலையம் பக்கம்தானே, பொங்கலுக்குச் சென்னை கொண்டுபோகலாமே எனின், ஆகாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணி தம்மோடு விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். இதுவோ 360. வண்டி ஊருக்கு வரும், உயிர் டம்டம் விமான நிலையத்திலேயே நிற்கும்.

தடை 4: வேர்வை. இத்தடைக்கு மட்டும் நேர் விடையில்லை. வைகாசிப் புழுக்கத்தில் பிஸ்வ பங்களா சரணியில் மிதித்து வந்தவர் காலை மீட்டிங்கில் தனி இருக்கை பெறுவார். ஆகவே மோட்டார் மேட்டுக்கன்று, சட்டைக்கு என்க. அப்போதும் மடிப்புக்கு வேலையில்லை.

முடிபு: அலுவலகம் நாலைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் சாதா சைக்கிள். சட்டை பெரிதெனில் மடங்காத மின்சைக்கிள். கார் டிக்கியில் கொண்டுபோவோர்க்கு மோட்டாரில்லாத மடக்கு. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பார், கடையில் வண்டியை மடித்துக் கையில் பிடித்து மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு, அதன்பின் பர்ஸைத் திறக்க.