தள்ளுவியல்: லேக் மார்க்கெட் சிறுவண்டிக்கு நான்கு நூற்பாக்களும் உரையும்

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதிய பெரியோர் எல்லோரும் அதை ஓடும் பொருளாகவே கருதினார்கள். இப்பிழையைக் கணக்கால் தெளியலாம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஓட்டம் 365 மணிதான். எஞ்சிய 8,395 மணி நேரமும் வண்டி நிற்கிறது, சாய்கிறது, வழிமறிக்கிறது, யாராலோ நகர்த்தப்படுகிறது. ஆகவே மோட்டார் சைக்கிள் என்பது அடிப்படையில் தள்ளப்படும் பொருள். அவ்வப்போது ஓடவும் செய்யும். இந்த இயலுக்குத் 'தள்ளுவியல்' என்று பெயரிடுகிறேன்.

ஆய்வுக் களம் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட். பெயர் ஏரியிலிருந்து வந்தது. 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரிக்கு 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினார்கள். வட்டாரத்தில் அது இன்னும் 'லேக்'தான். மார்க்கெட்டோ, ஹில்சா மீனுக்குச் சில அடி தள்ளி முருங்கைக்காயும் வாழையிலையும் காப்பிப்பொடியும் கிடைக்கும் இடம். ஆய்வாளரின் தகுதி: நாற்பத்திரண்டு வயதில் எல்.எல்.ஆர். எடுத்தவன். குடியிருப்பு: பழைய வீடு, வாசலில் மூன்று படி, வண்டி நிறுத்த மாடிப்படிக்கு அடியில் ஓர் இடுக்கு. ஆய்வின் முடிவுகள் அனைத்தும் அந்த மூன்று படிகளிலிருந்து பிறந்தவை.

நூற்பா 1: தள்ளற் கெளிதே கொள்ளற் குரித்தே.

உரை: தனியாளாகத் தள்ளி ஏற்ற முடிந்த வண்டியே வாங்கத் தக்கது என்றவாறு. ஏகாரம் இரண்டும் தேற்றம்.

இதற்கு மறுப்பு அத்திம்பேரிடமிருந்து வந்தது. ஆபீஸிலிருந்து ரிட்டையராகி இருபது வருடமாகியும் காலை ஒன்பது மணிக்கு ஷேவ் செய்துகொள்பவர். "வாங்கினா புல்லட் வாங்குடா. நம்ம மெட்ராஸ்ல பண்ணின வண்டி" என்றார். வரலாறு அவர் பக்கம்: 1955இலேயே சென்னையில் புல்லட் தொழில் தொடங்கிவிட்டது. எடை என் பக்கம்: 350 சிசி புல்லட் 190 கிலோவுக்கு மேல். நண்பர் ஒருவரின் புல்லட்டை இரவல் வாங்கிப் பரிசோதித்தேன். முதல் படி ஏறியது. இரண்டாம் படியில் அதுவும் நானும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். கறிகாய்ப் பையோடு கீழே நின்ற மாடி வீட்டு மாமி, "அவசரமில்லை, நிதானமா ஏறுங்கோ" என்றார். புல்லட் சிறந்த வண்டி. அதற்குத் தரைத்தளம் வேண்டும்.

மறு எல்லையில் டிவிஎஸ் எக்ஸ்எல் 100. எடை சுமார் 90 கிலோ, கியர் கிடையாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தண்ணீர்க் குடம், வைக்கோல், ஆட்டுக்குட்டி எல்லாம் ஏற்றித் தேறிய வண்டி. தள்ளுவியலில் முதல் மதிப்பெண் அதற்கே. ஆனால் கியர் பழக ஆசைப்பட்டவனுக்கு அது உதவாது.

இவ்விரண்டுக்கும் நடுவே 1994இல் அறிமுகமான ஸ்ப்ளெண்டர் நிற்கிறது. 97.2 சிசி, சுமார் 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். சராசரி உயரக்காரனுக்கு இரண்டு பாதமும் தரையில் படியும். கற்றுக்குட்டிக்கு மைலேஜை விட முக்கியமான அளவு இது. சிக்னலில் விழாமல் நிற்பது பாதத்தால், பெட்ரோலால் அல்ல. பழைய வண்டியாகவே வாங்கினேன். எப்படியும் கீழே போடப்போகிறோம், முன்பே கீறல் விழுந்ததாக இருந்தால் மனம் நோகாது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே உதைத்து எழுப்பிவைத்திருக்கிறார்கள். ஆறிய வண்டியைக் கிளப்பினால்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் தேங்காய்த் துருவி மாதிரி கூராகியிருந்தால் செயின் செட் மாற்றும் செலவை விலையில் கழிக்கவும். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடவும். இறுதியாக, தள்ளிப் பார்க்கவும். விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நூற்பா 2: நெய்யின் நிலையை நிறமே கூறும்.

உரை: நெய் என்றது ஈண்டு இன்ஜின் ஆயில். எள்ளின் நெய் எண்ணெய் ஆனது. எள்ளே இல்லாததையும் நாம் எண்ணெய் என்கிறோம். வங்காளிகள் கம்பெனிப் பெயரைக் கொண்டு அதை 'மொபில்' என்கிறார்கள். எம்மொழியில் அழைத்தாலும் ஸ்ப்ளெண்டரில் அது ஒரு லிட்டருக்குள் அடங்கும்; கிளட்ச், கியர், இன்ஜின் மூன்றுக்கும் அதே ஆயில்தான். ஒரே டபராவில் மூன்று பேர் காப்பி குடிப்பது போல.

நிறம் அறிய லேக் மார்க்கெட்டாருக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. வண்டியை நேராக நிறுத்தி, அளவுக்குச்சியைத் துடைத்துத் தோய்த்துப் பார்க்கவும். நல்லெண்ணெய் நிறம் என்றால் புதிது. முதல் டிகாக்ஷன் என்றால் ஓடட்டும். ஃபில்டர் அடியில் தங்கிய மண்டி போலக் கறுத்திருந்தால் மாற்றவும். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் புகுந்துவிட்டது, கிளப்பவே கூடாது. நான்காவது நிலையை முதன்முதலில் கண்டபோது அத்திம்பேர் குச்சியை மோந்து பார்த்து, "நுரை நன்னா வந்திருக்கு" என்றார்.

நூற்பா 3: கால்எனக் கேட்பின் கால்நடை துணிக.

உரை: மெக்கானிக் 'கால்' என்று சொன்னால் நடந்துபோகத் தயாராகுக என்றவாறு. இது ஆய்வின் மொழியியல் பகுதி. வங்காளியில் 'கால்' என்றால் நாளை. அதே சொல்லுக்கு நேற்று என்றும் பொருள் உண்டு. "தாதா, வண்டி எப்போது கிடைக்கும்?" என்றேன். "கால்" என்றார். மறுநாள் போனேன். "கால்" என்றார். நேற்றே முடிந்துவிட்டது என்கிறாரோ என்று மகிழ்ந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். வேலை தமிழ்க் காலளவே முடிந்திருந்தது. நான்கில் ஒரு பங்கு. அந்த வாரம் முழுவதும் நான் சென்றதும் காலால்தான். ஒரே சொல்லில் இத்தனை பொருளையும் அடக்கிய புலவர், ஏதோ ஒரு வாஷருக்காக மல்லிக் பஜாருக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

இதைத் தவிர்க்க, வீட்டிலேயே செய்யத்தக்கவை மூன்று. வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகுமுன் டயர் காற்று. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய். நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும், அதற்கு மேல் ஆடினால் இறுக்கவும். கிளட்ச் பிடியில் சிறிது தொய்வு. தொய்வே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் தேயும். விஸ்வகர்மா பூஜை, ஆயுத பூஜை என்று எங்கள் வண்டிகளுக்கு வருடத்தில் இரண்டு திருநாள். முன்னது செப்டம்பரில், வானமெங்கும் பட்டம் பறக்கும் நாளில்; அன்று மாஞ்சா நூலுக்காகக் கழுத்தை மூடிக்கொண்டு மெதுவாகப் போகவும். பின்னது நவமியன்று. இரண்டிலும் ஹெட்லைட்டுக்குச் சந்தனம் அப்புகிறார்கள், செயினை யாரும் நினைப்பதில்லை. சந்தனத்தைக் குறைத்து எண்ணெயைக் கூட்டுவது சாஸ்திர விரோதமாகாது.

நூற்பா 4: இரும்பைக் குறுக்கே கட, நீரிடை நின்றபின் எழுப்பேல்.

உரை: இரும்பு என்றது டிராம் தண்டவாளம். மின்சார டிராம் 1902இல் இந்நகரில் ஓடத் தொடங்கியது. அது இட்டுச்சென்ற இரும்பு எங்கெல்லாம் சாலையில் தெரிகிறதோ அங்கெல்லாம் மழைநாளில் விளக்கெண்ணெய் தடவியதற்குச் சமம். சாய்வாகக் கடந்தால் டயர் பள்ளத்தோடு போய்விடும், ஓட்டுநர் வேறு திசையில் போவார். செங்குத்தாகக் கடக்கவும், இரும்பின் மேல் பிரேக் பிடிக்க வேண்டாம்.

நீர் என்றது ஆடி, ஆவணியில் தெருவே லேக் ஆவது. முதல் கியரில், முறுக்கை விடாமல், ஒரே சீராகப் போகவும். விட்டால் சைலன்சர் வழியே தண்ணீர் ஏறும். வண்டி நின்றுவிட்டால் செல்ஃப்பைத் தொடாதீர்கள். காற்று வழியே நீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். செய்யத்தக்கது ஒன்றே. இந்த இயலின் பெயர் அதுதான்.

அப்படி ஒரு மாலை, ராஷ்பிஹாரி அவென்யூவில் முழங்கால் தண்ணீரில் என் 112 கிலோவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். முன்னால் அத்திம்பேர், குடை விரித்து, பள்ளம் எங்கே என்று செருப்பால் தடவிச் சொல்லியபடி. திடீரென்று வண்டி லேசானது. திரும்பினால், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் பின்னிருந்து தள்ளுகிறார். யாரென்று தெரியாது. மூச்சிரைப்புக்கு நடுவே, "டேலார் நாம் பாபாஜி" என்று சிரித்தார். வங்காளிப் பழமொழி: தள்ளு விழுந்தால்தான் 'சாமி' என்ற மரியாதை வாயில் வரும். நான்கு நூற்பாவில் நான் சொல்ல முயன்றதை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

மூன்று படியையும் மூவருமாக ஏற்றினோம். மூவருக்கும் காப்பி வந்தது. டபராவில் ஆற்றியபடி நிறத்தைப் பார்த்த அத்திம்பேர், "இதே மாதிரிதான் இருக்கும் உன் ஆயில், பாரு" என்றார். குச்சியை எடுத்துப் பார்த்தேன். அதே நிறம்தான்.