ஆநிரை கவர்தலும் அயலூர்க் கார்நிறுத்தமும்

சொந்தத் தெருவில் ராத்திரி முழுக்க நிற்கும் காரைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. வீட்டுக்குள் விட இடமில்லாமல் வருஷக்கணக்காக வாசலிலேயே வெயிலிலும் மழையிலும் நிற்கிற வண்டிதான். அதே வண்டி சகலை மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போய், மண்டபத்தில் இடம் கிடைக்காமல் இரண்டு தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டால், உடையவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. பூட்டு மாறவில்லை. கண்ணாடி மாறவில்லை. கும்பகோணத்தில் திருடர் மிகுதி என்பதற்கும் சான்றில்லை. பின் என்னதான் மாறியது? இவ்வினா இதுகாறும் முறையாக ஆராயப்படாமல் கிடப்பது தமிழ்ப் புலமை உலகுக்குப் பெருமை தருவதன்று. மருத்துவர் இதைத் தூக்கமின்மை என்று மாத்திரை எழுதுகிறார். இல்லத்தரசியர் வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது அச்சேறத் தக்கதன்று.

முதலில் ஆய்வெல்லை. இருசக்கர வாகனம் ஈண்டுக் கொள்ளப்படவில்லை. என்னை? எனின், அதை ரேழியில் ஏற்றி, பாய் விரித்து, பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம். டிரைவர் வைத்திருப்போரும் விலக்கப்பட்டனர்; அவர்தம் கவலை டிரைவருக்குப் போய்விடுகிறது, டிரைவரோ வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுகிறார். தவணை முடியாத காரைச் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது வங்கிக்கு அடமானப்பட்டது, ஆதலால் கவலையிலும் பெரும்பங்கு வங்கிக்கே உரியது என்பார் உளர். கார் போனாலும் தவணை போவதில்லை ஆகலின் அவர் கூற்றுப் பொருந்தாது.

இனி, இக்கவலை எந்தத் திணையின்பாற்படும்? அகத்திணையுள் வைத்துப் பார்த்தால் நூல் தடுமாறுகிறது. பொழுது யாமம், அது குறிஞ்சிக்கு உரியது. உரிப்பொருளோ பிரிவு, அது பாலை. விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது முல்லை. ‘போயிருக்குமோ’ என்று இரங்கினால் நெய்தல். ‘உங்களால நானும் தூங்கல’ என்று துணைவியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது மருதம். ஐந்து திணையும் ஒரே இரவில் ஒரே பாயில் மயங்கிக் கிடப்பதற்கு இலக்கணம் காண இனியொருவர் பிறந்து வரவேண்டும். கருப்பொருளில் மட்டும் சிக்கலில்லை. தெய்வம், புது வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய சென்னைப் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர். விலங்கு தெருநாய். புள் காகம். பறை ரிவர்ஸ் ஹாரன். தொழில், தண்ணீர் குடிக்க எழுந்ததாகச் சொல்லி ஜன்னலில் எட்டிப் பார்த்தல்.

ஆயினும் இதன் உண்மையான இருப்பிடம் புறத்திணை என்பதே இக்கட்டுரையின் துணிபு. பிறர் ஆநிரையை இரவோடு இரவாக ஓட்டிச் செல்வது வெட்சி. வெட்சி குறிஞ்சிக்குப் புறன் என்கிறது தொல்காப்பியம். குறிஞ்சியின் சிறுபொழுது யாமம். எனவே ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சாமல் இரவு இரண்டு மணிக்குச் சரியாக விழித்து அஞ்சுவது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது, மரபு.

வெட்சித் துறைகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தால் ஐயம் எஞ்சாது. விரிச்சி என்பது, படை புறப்படுமுன் பாக்கத்தில் நின்று, தற்செயலாய்க் காதில் விழும் சொல்லைக் கொண்டு நிமித்தம் பார்ப்பது. இக்காலத்தில் இதைக் கவர்வோர் பார்ப்பதில்லை, உடையவரே பார்க்கிறார். வண்டியைப் பூட்டிவிட்டு எதிர்ப் பெட்டிக்கடைக்காரரிடம் போய், “இங்க நிறுத்தலாங்களா, பயமில்லையே?” என்கிறார். “பயம்லாம் ஒண்ணுமில்ல சார், தாராளமா நிறுத்துங்க.” நற்சொல். அவர் அதோடு வாயை மூடினால் க்ஷேமம். “போன ஆடியில ஒரே ஒரு பொலிரோ போச்சு, அது வேற விஷயம்” என்று சேர்த்துவிட்டால் அன்றைய இரவு அங்கேயே முடிந்தது.

நோயின்று உய்த்தல் என்று ஒரு துறை உண்டு: கவர்ந்த பசுக்களை நோகாமல் ஓட்டிப் போதல். கார் எடுப்போர் இதை உடையவரைவிடச் செம்மையாகக் கடைப்பிடிப்பர் என்று நம்பலாம். ஸ்பீட் பிரேக்கரில் அடி வாங்கிய வண்டிக்கு விலை குறைவு. அடுத்தது பாதீடு, பங்கிட்டுக் கொடுத்தல். பசுவை முழுப் பசுவாகத்தான் பங்கிட முடியும். காரை அப்படியல்ல, கதவு வேறு, இன்ஜின் வேறு, சைலன்சர் வேறு என்று பிரித்துவிடலாம். மீரட் நகரத்துச் சோத்திகஞ்ச் இந்தப் பாதீட்டுக்கே நாடறிந்த சந்தையாக விளங்கியது. 2021 டிசம்பரில் போலீசார் அங்கே கடைகளை மூடவைத்தார்கள். பெருநகரங்களில் வண்டி அதிகம் களவு போவது டில்லியில் என்பதால் சந்தையும் அந்தப் பக்கமாகவே அமைந்தது போலும்.

உடையவர் பக்கத்துச் சடங்குகளையும் பதிவு செய்ய வேண்டும். வண்டியை நிறுத்தியதும் கியரில் போடுகிறார். ஹேண்ட்பிரேக்கை வழக்கத்தைவிட ஒரு ‘கடக்’ கூடுதலாக இழுக்கிறார். ஸ்டியரிங்கை ஒடித்துப் பூட்டு விழவைக்கிறார். இறங்கி சாவியை அமுக்குகிறார். நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு மின்னிச் சம்மதம் சொல்கிறது. நம்பாமல் கதவுப் பிடியை இழுத்துப் பார்க்கிறார். முன்கதவு திறக்கவில்லை. பின்கதவும் திறக்கவில்லை. டிக்கியையும் பார்க்கிறார். தெரு முனை வரை போய்த் திரும்பி, அங்கிருந்தே இன்னொரு தரம் அமுக்குகிறார். இம்முறை வண்டி பூட்டிக்கொண்டதா திறந்துகொண்டதா என்பது அவருக்கே விளங்காமல் திரும்பி நடக்கிறார். கடைசியாக ஒரு போட்டோ. நிறுத்திய இடம் மறந்துவிடக் கூடாது என்று காரணம் சொல்வார். கடைசியாகப் பார்த்த முகம் என்று வைத்துக்கொள்வதே பொருந்தும்.

பின்னிரவில் மொட்டைமாடி. அங்கிருந்து பார்த்தால் வேப்பமரத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கூரை முனை தெரிகிறது. தெருவில் நிற்பவை நாலும் வெள்ளை ஸ்விஃப்ட். தெரிவது நம்முடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? அனுமானப் பிரமாணம் போதாது, பிரத்தியட்சமே வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கீழிறங்குவோர் உண்டு. அவரைப் பார்த்து நாய் குரைக்கிறது. நாய் சத்தம் கேட்டு மாடியில் இன்னொரு விருந்தாளி எழுந்து, யாரோ ஒரு ஆள் கார்ப்பக்கம் நடமாடுவதைக் கண்டு நடுங்குகிறார். அவருடைய காரும் அதே தெருவில்தான் நிற்கிறது.

கருவிநுட்பம் பற்றிக் கொஞ்சம். இப்போதைய சாவித் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதன் குறி ஒத்தால்தான் இன்ஜின் உயிர்க்கும். கம்பியை வளைத்துப் பற்றவைக்கும் சினிமாத் திருட்டுக்கு இனி வேலையில்லை. ஆனால் இந்தப் பூட்டுக்கும் சாவி செய்துவிட்டார்கள். மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகும் துளை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறதல்லவா, அதில் ஒரு கருவியைச் செருகிப் புதுச் சாவி ஒன்றைப் பதிந்துகொள்கிறார்கள். சாவி பையிலிருந்தாலே கதவு திறக்கும் வண்டி என்றால் இருவர் வருவார்கள். ஒருவர் சாவி தூங்கும் வீட்டு ஜன்னலோரம், மற்றவர் வண்டியோரம். நடுவில் அலையை அஞ்சல் செய்துவிட்டால், சாவி அருகில் வந்துவிட்டதென்று கார் ஏமாந்து கதவைத் திறக்கும். இதற்கு மாற்று, சாவியை உலோக டப்பாவில் இட்டு மூடுவது. நம் பாட்டிமார் வெல்லத்தை எறும்பிடமிருந்து காத்த எவர்சில்வர் சம்படமே இதற்குப் பெரும்பாலும் போதும். கல்யாண வீட்டில் நள்ளிரவில் சம்படம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இதற்கெல்லாம் மேலாக, கயிறு கட்டி இழுத்துப் போவதை எந்தச் சில்லும் தடுக்காது.

இத்தனையும் சொந்தத் தெருவிலும் நடக்கலாமே, அங்கே ஏன் தூக்கம் வருகிறது என்று வினவலாம். மையமான கேள்வி இதுதான். நம் தெருவில் நாலு மணிக்குப் பால்காரர் வருகிறார். அவருக்கு அது யார் வண்டி என்று தெரியும். இஸ்திரிக்காரருக்குத் தெரியும். எதிர்வீட்டு மூட்டுவலிக் கிழவருக்கு வண்டியும் தெரியும், நாம் வண்டியை எடுக்கும் நேரமும் தெரியும். முன்பின் தெரியாத ஒருவன் கதவைத் திறந்தால், “யாருப்பா அது, சார் வீட்டு வண்டில?” என்று ஒரு குரல் வரும். கும்பகோணத்து வேப்பமரத்தடியில் அந்தக் குரல் வராது. எடுப்பவன் திருடனா, விசேஷத்துக்கு வந்த மாப்பிள்ளையா என்று அங்கே யாருக்கும் தெரியாது. நாம் காரைப் பூட்டினோமா என்று கவலைப்படுகிறோம். கவலைப்பட வேண்டியது நம்மை அங்கே ஒருவருக்கும் தெரியாது என்பதைப் பற்றி.

இதற்கு நீதிமன்றச் சான்றே உண்டு. 1998 ஆகஸ்டில் டில்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு இரவு 11 மணி வாக்கில் ஒருவர் மாருதி ஜென் காரில் வந்தார். வாசலில் நின்ற ஊழியரிடம் சாவியைக் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணிக்குத் திரும்பினால் கார் இல்லை. வேறொரு காரில் வந்த மூன்று இளைஞர்கள் வண்டியை எடுத்துவரச் சொல்லி நிற்கையில், அவர்களில் ஒருவன் ஜென் சாவியை எடுத்துக்கொண்டு நிறுத்துமிடம் போய் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பூட்டை யாரும் உடைக்கவில்லை. அலையை யாரும் அஞ்சல் செய்யவில்லை. அத்தனை பேர் விழித்திருந்த இடத்தில், எந்த வண்டி எவருடையது என்று வேளைக்குத் தெரிந்தவர் இல்லை, அவ்வளவுதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பானது: சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, ‘உடையவர் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சடித்துவிட்டு, தன் கவனக்குறைவுக்கு ஹோட்டல் கைகழுவ முடியாது. லாட்ஜ்வாசிகளுக்கு இதிலொரு தர்மசங்கடம். சட்டப்படி சாவியைக் கொடுத்துச் சீட்டு வாங்குவது வலு. மனப்படி சாவி தலையணைக்கடியில் இருந்தால்தான் கண் மூடும்.

வெட்சிக்கு மறுதலையான கரந்தையைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகக் கொள்கிறது: கவர்ந்து போன நிரையை ஓடிப்போய் மீட்டல். செங்கம் வட்டாரத்தில் நிரைமீட்டு மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் இன்றும் நிற்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லில் தமிழ்-பிராமி எழுத்தில் ஆகோள், அதாவது ஆநிரை கவரும் பூசல் பற்றிய குறிப்பு இருக்கிறது. நிரை மீட்க ஓடியவன் கூலிக்கு ஓடவில்லை. அது எவர் வீட்டுப் பசு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜிபிஎஸ் கருவி வண்டி எங்கே போகிறது என்று காட்டும், பின்னால் ஓடாது.

கள ஆய்வில் விடியற்காலை காரருகே கண்டவற்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. கண்ணாடியில் காக்கை எச்சம். பானெட்டில் பூனைத் தடம், அதன்மேல் வேப்பம்பழம். சக்கரத்தில் நாயின் கையொப்பம். ‘இங்க நிறுத்தாதீங்க, வாசத்தெளிக்கணும்’ என்று வைப்பரில் செருகிய காலண்டர் தாள். உண்மையான பகைவர் உள்ளே இருக்கிறார்: இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்த எலி வயரைக் கடித்துவைத்தால், திருடன் வந்தாலும் வண்டி கிளம்பாது. பானெட்டுக்குள் புகையிலைக் காம்பு வைக்கும் பழக்கம் இதனால் வந்தது. காவேரிக் கரை ஊர்களில் கேட்டுவைக்க வேண்டிய இன்னொன்று, அது தேரோடும் வீதியா என்பது. தேர் வரும் நாளில் காரை நகர்த்துவோர் திருடரைவிட வேகமானவர்கள்.

இனிக் காப்பீடு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்தவருக்குத் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழுப் பாலிசியிலும், கார் விலையில் முதல் ஆறு மாதத்திலேயே 5 சதவீதம் கழித்துத்தான் மதிப்பை அறிவிப்பார்கள். நான்கு வயது தாண்டிய காருக்குப் பாதியே மிஞ்சும். கவலைக்கு அப்படித் தேய்மானம் கிடையாது. ஏழு வருஷ ஆல்ட்டோக்காரர் புது கிரெட்டாக்காரருக்குச் சளைக்காமல் விழித்திருக்கிறார்.

ஆகவே வெளியூர் விசேஷத்துக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடி ஏறி இறங்குவதை விட்டு, வண்டி நிறுத்திய வாசல்காரரிடம் பேர், ஊர், யார் வீட்டுக் கல்யாணம், எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் தாம்பூலப் பை ஒன்று கொடுங்கள். ஆர்.சி. ஒரிஜினலை வண்டிக்குள் விடாதீர்கள். இரண்டாவது சாவியை ஊருக்குக் கொண்டுபோகாமல் வீட்டு பீரோவிலேயே வையுங்கள். கார் காணாமல் போனால் காப்பீட்டுக் கம்பெனி எஃப்.ஐ.ஆரோடு இரண்டு சாவியையும் கேட்கும்.