மூணு பேர் போடுற தண்ணி

வா மருமகனே, உக்காரு. கொழும்புல சொன்னாங்களாக்கும், மாத்தளை கரண்ட் விளையுற சீமைன்னு. சரிதான். விளையுற ஊர்க்காரன் வசதியா இருப்பான்னு நெனச்சியே, அதுலதான் ஒம் படிப்பு தெரியுது.

தண்ணி கதையக் கேளு. மகாவலி பாட்டுக்குக் கண்டிப் பக்கம் போய்க்கிட்டிருந்துச்சு. பொல்கொல்லயில மறிச்சு, மலைக்குள்ள 8 கிலோமீட்டர் சுரங்கம் குடைஞ்சு உக்குவளைக்கு இழுத்துட்டு வந்தாங்க. 1976ல அங்க 40 மெகாவாட். வேலை முடிஞ்சிருச்சுன்னு சுது கங்கையில இறங்கி நடந்த தண்ணியப் போவத்தென்னயில மறுபடி பிடிச்சாங்க. 1981ல இன்னொரு 40. அங்க ஒரு பங்கு கலாவெவ வயலுக்குத் திரும்பிரும். மிச்சம் அம்பன் கங்கையோட போயி மொரகஹகந்தயில மாட்டும்; 2018லருந்து அங்க 25. தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவாங்க, ஒரே தண்ணிக்கு ஒரே மாவட்டத்துல மூணு பேர்! ஒங்க அத்தைக்குக் கொழுந்து நிறை குறைஞ்ச அன்னைக்கு அரைப்பேர்தான் போட்டான் கணக்கப்பிள்ளை. அடுத்த பிறவியில தண்ணியாப் பொறந்துரு மருமகனே. சம்பளம்தான் கையில தரமாட்டாங்க, அதுல நமக்கும் தண்ணிக்கும் வித்தியாசமில்ல.

மிளகுக்கொடி ஏத்துற கிளிரிசிடியா மரத்தையும் விடல. வெட்டி எரிச்சா கரண்ட் வரும்னு 2005ல அதையும் தேயிலை, ரப்பர், தென்னையோட நாலாவது பெருந்தோட்டப் பயிராக்கினாங்க. வேலிக்கம்புக்கு வந்த மவுசு! எங்க ஆடு அதத் தெரியாம இன்னும் தழையத் தின்னுக்கிட்டிருக்கு.

வேலைக்கு ஆள் புடிச்சுத் தரச் சொல்றியா? டர்பைனச் சுத்துறதுக்குத் தண்ணி இருக்கு, ஒன்னயக் கூப்பிட மாட்டாங்க. பேர் வாங்கணும்னா குரங்கப் பாரு. நம்மூர்க் குரங்கு தேங்காயப் பறிச்சு, கூரை ஓட்ட ஒடச்சு, பொழுதப் போக்குது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறையில ஒண்ணு உப மின்நிலையத்துக்குள்ள தாவிச்சு. நாடு முழுக்க இருட்டு, அமைச்சரே அது பேரச் சொன்னாரு. அடுத்த மாசம் 15ஆம் தேதி குரங்குக்குக் கணக்கெடுப்பு, காலையில எட்டு மணிக்கு, அஞ்சே நிமிசம். எங்க தோட்டத்துக் குரங்கு அப்ப பக்கத்துத் தோட்டத்துல சாப்பிடப் போயிருந்துச்சு.

2022ல பதிமூணு மணி நேரம் கரண்ட் வெட்டினாங்களே, அப்பத்தான் லயத்து வாசல்ல ஆளாளுக்கு மொகம் பார்த்தோம். நாடகத்துல யார் மருமக யார கொடுமை பண்றான்னு தெரியாமப் போனதால, சொந்த மருமகளோட பேச வேண்டியதாப் போச்சு ஒங்க அத்தைக்கு. அதுக்கப்புறம் கரண்ட் வந்துச்சு, கூடவே பில்லும். 2023 பெப்ரவரியில முப்பது யூனிட்டுக்குள்ள எரிக்கிறவனுக்கும் நிலைக் கட்டணம் 120 ரூபாயிலருந்து 400 ஆச்சு. அப்ப பல்ப எரிச்சாலும் அதான், அணைச்சாலும் அதான்.

சரி, பஸ்சுக்கு நேரமாச்சு. அம்மாவுக்கு ஒரு கிலோ மிளகு கட்டி வச்சிருக்கேன், எடுத்துக்க. அதுக்கடியில ஒரு கடுதாசி இருக்கும், இந்த மாசக் கரண்ட் பில்லு. வெளிச்சம் அங்கதானே போவுது, நீயே கட்டிரு.