அரைப் பேர்

வழிபாட்டியல் என்றொரு பாடம் இருப்பதே இறையியல் கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம். ஐயா எழும்பச் சொன்னால் எழும்புவோம், முழந்தாளிடச் சொன்னால் முழந்தாளிடுவோம், காணிக்கைப் பை வரும்போது மட்டும் கண்ணை இறுக மூடி ஜெபம்பண்ணுவோம். இதில் படிக்க என்ன இருக்கிறது? ஹட்டன் பஜாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கும் அதே சந்தேகம்தான். "சாமி கும்பிடப் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா? எங்கப்பா படிக்காமத்தான் கும்பிட்டாரு. அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். தாத்தாவுக்கு என்னென்ன குறைந்துபோனது என்று அம்மா உள்ளேயிருந்து ஒரு பட்டியல் சொல்லத் தொடங்கியதால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் சேர்ந்தது பிலிமத்தலாவையில் இருக்கும் இலங்கை இறையியல் கல்லூரியில். 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த, பிரெஸ்பிடேரியன் சபைகள் கூடித் தொடங்கியது. நாலு சபைப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சோறு தின்னலாம்; ஒரே மேசையில் திருவிருந்து எடுப்பது எப்படி என்று பேச்செடுத்தால் சோறு ஆறிவிடும். ஒரே கிண்ணமா, சின்னச் சின்னக் கிண்ணங்களா? முழந்தாளிட்டு வாங்குவதா, உட்கார்ந்தபடி வாங்குவதா? பப்திஸ்துக் கூட்டாளிக்குக் கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பது சரியில்லை. எனக்கு நுவரெலியாக் குளிரில் வளர்ந்த ஆளைத் தண்ணீரில் முக்கி எடுப்பது சரியில்லை. அவன் வசனம் காட்டினான். நான் நிமோனியாவைக் காட்டினேன்.

முதல் வகுப்பிலேயே ஒரு கிரேக்கச் சொல்: லெயித்தூர்கியா. 'மக்களின் வேலை' என்று பாடப்புத்தகங்கள் ஆசை ஆசையாகப் பொருள் சொல்லும். அகராதியைத் திறந்தால் கதை வேறு. பழைய ஏதென்ஸில் பணக்காரன் ஒருவன் தன் சொந்தக் காசைப் போட்டு ஊருக்காக ஒரு போர்க்கப்பலைப் பராமரிப்பான், இல்லாவிட்டால் நாடக விழாவுக்குப் பாட்டுக்காரக் கூட்டத்தைத் தயார்ப்படுத்திக் கொடுப்பான். அந்தச் செலவுக்குத்தான் அந்தப் பெயர். நம்மிடம் இதற்கு அச்சுக் குலையாத ஒரு சொல் இருக்கிறது: உபயம். மாரியம்மன் திருவிழா நோட்டீஸில் 'ஐந்தாம் நாள் உபயம்' என்று கடை முதலாளியின் பெயர் போட்டிருக்குமே, அதே. இதைப் பரீட்சையில் எழுதினேன். விரிவுரையாளர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, யோசித்துப் பார்த்திருப்பார் போல, பக்கத்திலேயே ஒரு சரியும் போட்டிருந்தார்.

பாடம் தலைக்குள் ஏற ஏற எனக்கு ஒருவித மிதப்பு வந்தது. கிரகரி டிக்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி 1945இல் எழுதிய தடித்த புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன். திருவிருந்துக்கு எலும்புக்கூடு நாலே நாலு செயல்தான்: எடுத்தல், ஸ்தோத்திரித்தல், பிட்டல், கொடுத்தல். வீட்டுக்குப் போனபோது அம்மா ரொட்டி தட்டிப் போட்டார். "இப்ப நீங்க செஞ்சதுல மூணு செயல் இருக்கு, ஒன்னு கொறையுது" என்றேன். "கொறையிறது சம்பல்தான், எடுத்துக்க" என்றார்.

களப்பணிக்கு எனக்குக் கிடைத்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம். சனிக்கிழமை பேராதனையில் கோச்சி ஏறி ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து, மிச்சத்தை நடக்க வேண்டும். அந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் படம் பிடிப்பது காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயத்தை. 1878இல் துரைமார் காலத்தில் எழுந்த கல்லுக் கட்டடம், வண்ணக் கண்ணாடி ஜன்னல். எங்கள் கோயிலை யாரும் படம் பிடிப்பதில்லை. லயத்துக்கு மேலே, கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை.

அந்தத் தகரக் கூரையைப் பற்றி எந்த வழிபாட்டியல் நூலும் எழுதாதது பெரிய குறை. தென்மேற்குப் பருவமழை அதன்மேல் விழத் தொடங்கினால் பிரசங்கம் அந்த இடத்திலேயே செத்துவிடும். என் முதல் பிரசங்கம் அப்படித்தான் செத்தது. இருபது நிமிடம் வாயசைத்தேன். சபை மிகுந்த மரியாதையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆராதனை ஒழுங்கு சாகவில்லை. நான் கையைத் தூக்கினால் அவர்கள் எழும்பினார்கள், குனிந்தால் பாவ அறிக்கை சொன்னார்கள், ஒரு சத்தமும் கேட்காமலே. நடுவில் நான் பக்கத்தைத் தவறவிட்டுத் தடவிக்கொண்டிருக்க, முன்வரிசையில் எழுத்து வாசிக்கத் தெரியாத ஓர் அம்மாயி நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். கோப்பிக் காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அவர்களோடு ஜெபப்புத்தகத் தமிழும் கப்பலேறி வந்தது. கோப்பி பூஞ்சண நோயில் அழிந்தது. துரைமார் போனார்கள். 'தேவரீர்' மட்டும் அம்மாயியின் நாக்கில் அப்படியே இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் கிட்டே வந்து, "சின்னையா, விசுவாசப் பிரமாணத்துக்கு முந்தி ஒரு எடத்த முழுங்கிட்டீங்க" என்றார். பார்த்தேன். முழுங்கித்தான் இருந்தேன்.

ஐயா என்றால் போதகர். நான் பயிற்சியில் இருந்ததால் சின்னையா. பெரிய துரை, சின்ன துரை கணக்கு.

மூன்றாம் வருடம் பண்பாட்டுமயமாக்கல் என்ற பாடம் வந்தது. வெள்ளைக்காரன் தந்த வழிபாட்டை நம் மண்ணுக்கேற்ப மாற்றுவது எப்படி? எனக்கு உடனே பதில் தோன்றிவிட்டது. கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் பாலஸ்தீனத்து உழைப்பாளியின் சாப்பாடு. மலையகத்து உழைப்பாளியின் சாப்பாடு ரொட்டியும் தேத்தண்ணியும். ஆகவே திருவிருந்தில் அவற்றையே வைத்தால் என்ன? பதினெட்டுப் பக்கக் கட்டுரை. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அந்த வார இறுதியில் அம்மாயியிடம் இதை எளிய தமிழில் சொல்லி அபிப்பிராயம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"வருசம் பூரா மலையில பறிக்கிறதும் அதுதான், வீட்டுல குடிக்கிறதும் அதுதான். கோயில்லயாவது வேற ஏதாச்சும் குடுங்க சின்னையா."

பதினெட்டுப் பக்கத்துக்கு அதைவிடச் சுருக்கமான மறுப்புரையை நான் இதுவரை வாசித்ததில்லை. பெந்தெகொஸ்தேக்குப் பிறகு மாதக்கணக்கில் பீடத்துக்குப் பச்சை விரிப்புப் போட வேண்டும் என்ற விதியையும் அவரிடம் சொல்ல வாய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆனால் மண்வாசனை ஆசை லேசில் விடாது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பறட்டை அண்ணன்' என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு இருந்தார். நாட்டுப்புற மெட்டிலேயே ஆராதனை ஒழுங்கை அமைத்தவர், 2005இல் காலமானார். அவரைப் பற்றி வாசித்த சூட்டில், 2023 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு விடியற்காலை ஆராதனைக்குத் தப்பு அடிப்பதென்று முடிவெடுத்தேன். மூப்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். ஏன் சுளித்தார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனாலேயே நான் பிடிவாதமாக நின்றேன்.

பணிய லயத்தில் தப்படிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். சைவர். போய்ச் சொன்னேன். "என்ன விசேசம் சின்னையா?" என்று கேட்டார். நான் விரிவுரை மாதிரியே விளக்கினேன்: வெள்ளிக்கிழமை செத்தார், துணி சுற்றிக் கல்லறையில் வைத்தார்கள், மூன்றாம் நாள் விடியற்காலை இருட்டோடு பெண்கள் வாசனைத் திரவியம் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள்... "வெளங்கிருச்சு சின்னையா, நீங்க போங்க" என்றார். செத்தவர், மூன்றாம் நாள், பெண்கள், கல்லறை. தப்படிக்கிறவருக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? நான்தான் கதையின் மிச்சத்தைப் பிரசங்கத்துக்கென்று மிச்சம் பிடித்துவிட்டேன்.

ஐந்து மணிக்குத் தப்பு அதிர்ந்தது. சுத்தமான சாவு அடி. ஒவ்வொரு காம்பராவாக லைட் எரிந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் ஏறி வந்தார்கள். "யாரு தவறுனது?" என்று ஒருவர் கேட்க, "நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்தாரு" என்று யாரையோ நினைத்துக்கொண்டு இன்னொருவர் சொன்னார். கீழ்லயத்திலிருந்து ஒரு கிழவி வரும் வழியிலேயே ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். நான் வெள்ளை அங்கியோடு வாசலில் நின்று, "இங்க யாரும் சாகல்ல, யாரும் சாகல்ல" என்று கத்திக்கொண்டிருந்தேன். சாவைத் தேடி இருட்டில் வந்த பெண்களிடம் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் நின்று அப்படிச் சொன்ன காட்சி எனக்கு வேறெங்கோ வாசித்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

தப்படித்த அண்ணனுக்குத்தான் கோபம். "செத்தவரு எழும்பிட்டாருன்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? சாவு அடி வேற, சாமி அடி வேற. நான் என்ன படிக்காதவனா?" என்றார். பிறகு கோயில் வாசலில் பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். உயிர்ப்பு விழிப்பு ஆராதனையில் வாசலில் புதுத் தீ மூட்டுவது தொன்மையான மரபு என்று கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். தோட்டத்தில் அதைச் செய்ய ஆள் கிடைக்காது என்றும் குறித்திருந்தேன். காய்ந்த தப்பில் அவர் சாமி அடி அடித்தார். சாவுக்கென்று வந்தவர்கள் வந்ததுதான் வந்தோம் என்று நின்றுவிட்டார்கள். என் களப்பணியில் அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இனி அந்தப் பேர் விஷயம். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், தோட்டம் கேட்கும் கிலோவை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் கூலி. கிலோ குறைந்தால் அரைப் பேர். கொழுந்து கூடும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் பறிக்கலாம். அது கிலோக் கணக்கில் கைக்காசு. கைக்காசு ஞாயிறுகளில் என் சபையில் பாதி மலையில் இருக்கும். கூட்டம் குறைவதைப் பற்றி நான் ஒருமுறை பீடத்திலிருந்து கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். அடுத்த கைக்காசு ஞாயிறு, ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கும் நேரத்தில் வாசலில் கூடையை இறக்கும் சத்தம். அம்மாயி படங்கை அவிழ்க்காமலே உள்ளே வந்து பின்வரிசையில் நின்றார். ஆமென் சொன்னார். வெளியே வரும்போது என்னிடம் கேட்டார்:

"எனக்கு இன்னிக்கு அரைப் பேருங்களா சின்னையா?"

அவர் கேலியாகத்தான் கேட்டார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதே வருடம் செப்டம்பர் 24ஆம் தேதிக்கு வாசிப்பு அட்டவணை எனக்கு வைத்திருந்த பாடம், மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத் தோட்டம். விடியற்காலை வந்தவனுக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானின் கதை. கிருபை என்பதற்குக் கிரேக்கம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அன்று மழையில்லை; எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதுதான் வினை.

"கடைசியா வந்தவன் எத்தன கிலோ நிறுத்தான்?" என்று அம்மாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"கிலோ போட்டில்லை அம்மாயி."

"நிறுக்காமலேயா பேர் போட்டாங்க?"

"ஆமா."

சபைக்குள் ஒரு சலசலப்பு. தோட்டத் தலைவர் எழும்பினார். தொழிற்சங்கத்தில் அவருக்கு இருபது வருட அனுபவம், சபையிலும் கமிட்டி மெம்பர். "காலையில வந்தவங்க கேட்டதுல நியாயம் இருக்கு சின்னையா" என்றார். "நாங்க 1823லயே வந்தவங்க. எரநூறு வருசமாச்சுன்னு தலைமன்னாருலேருந்து மாத்தளைக்கு இந்த வருசந்தான் நடந்தாங்க. ஆயிரம் ரூவாக் கூலி 2021லதான் வர்த்தமானியில வந்துச்சு. இந்தக் கதைய நீங்க மொதல்ல கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லணும்." அவர் இறையியல் படிக்காதவர். நான் பதில் தேடிக் குறிப்பைப் புரட்டினேன். அதில் கிரேக்கம்தான் இருந்தது.

அம்மாயி மட்டும் இன்னும் அந்த எஜமானை விடவில்லை. "அஞ்சு மணிக்கும் சந்தியில போயி ஆள் பாத்திருக்காரு. நிறுக்காம முழுப் பேர் போட்டிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என்னைப் பார்த்து, "அப்பிடி ஒரு தோட்டம் இருந்தா எனக்குச் சொல்லுங்க, இந்த வயசுலயும் மாறிப் போயிருவேன்" என்றார். பிரசங்கம் அத்தோடு முடிந்தது. மிச்சமிருந்த ஆறு பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் காணிக்கைப் பாட்டைச் சொன்னேன்.

அடுத்த கமிட்டியில் தலைவரே பிரேரித்து, அம்மாயியே வழிமொழிந்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. கைக்காசு உள்ள ஞாயிறுகளில் எங்கள் ஆராதனை இப்போது காலை எட்டு மணிக்கு இல்லை, கொழுந்து நிறுத்த பிறகு பின்னேரம் நாலு மணிக்கு. அந்தப் பக்கம் வந்தால் நீங்களும் வாருங்கள். பிந்தி வந்தாலும் பரவாயில்லை, கூடை வைக்க வாசலில் இடம் இருக்கிறது. மழைக்காலத்தில் பிரசங்கம் கேட்காது.