குளிசை ஒன்று, வேலை மூன்று

இறக்குவானையில் கொழுந்து பறிக்கும் அக்காவின் போனுக்கும் கொழும்புச் சீமாட்டியின் போனுக்கும் இப்போது ஒரே விளம்பரம்தான் வருகிறது. மாதவிடாய் ஒழுங்காகும், கரு தங்கும், முகம் வெளுக்கும். மூன்றையும் ஒரே குளிசை பார்த்துக்கொள்ளுமாம். கருப்பைக்கும் கன்னத்துக்கும் என்ன ஒப்பந்தமோ, விற்பவருக்கே வெளிச்சம்! கொலாஜன் குடித்தால் வயிறு அதைப் பருப்பைப் போலவே உடைத்துச் செரிக்கிறது. 'கன்னத்துக்கு அனுப்பவும்' என்று போத்தலில் எழுதியிருப்பதை அது வாசிப்பதில்லை.

அரசாங்கத்திடமும் சரக்கு உண்டு, விளம்பரம்தான் இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் போலிக் அமிலமும் இலவசம். 1973 முதல் திரிபோஷா சத்துமா வேறு: சோளம், சோயா, பால்மா. தாய்க்கென்று வரும் அந்தப் பை லயத்துக்குள் நுழைந்ததும் பொதுச்சொத்தாகி, உருண்டை உருண்டையாக மாமனார் வரை போய்ச் சேரும். போலிக் அமிலம் சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கும் என்பது நிரூபணமான சங்கதி. ஆனால் முகத்தை வெளுக்காதே, யார் பகிர்வார்?

2024இல் தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானி நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அழகுக் குளிசைக்கு எத்தனை நாள் மலையேற வேண்டும் என்ற கணக்கைப் போத்தலில் போடுவதில்லை.

இரும்புக் குளிசைக்கோ வேறு வில்லங்கம். தேயிலையிலுள்ள தனின் என்ற பொருள் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஆகவே தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு மிட்வைஃப் சொல்ல வேண்டியிருக்கிறது:

“குளிசையோட தேத்தண்ணி குடிக்கக் கூடாது.”

“அப்ப எதோட போடுறது, மிஸ்ஸி?”

“தேசிக்காய்த் தண்ணியோட.”

“தேசிக்காய் என்ன வெல விக்குதுன்னு தெரியுமா, மிஸ்ஸி?”