நந்தா விளக்கு ஏற்றிய நகராட்சிக்கு

பெறுநர்: ஆணையர் அவர்கள், பெயரைச் சொல்லாமலேயே எல்லோரும் தத்தம் ஊர் என்று எண்ணிக்கொள்ளும் ஒரு நகராட்சி.

பொருள்: தெருவிளக்குகள் – பகலில் எரிதல் – இரவில் அணைதல் – பாராட்டும் வேண்டுகோளும் – தொடர்பாக.

பார்வை: ‘தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது’ எனக் குடிமக்களின் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

சோழர் காலத்துக் கோயில்களில் இரவும் பகலும் அணையாமல் எரிந்த விளக்கு நந்தா விளக்கு எனப்பட்டது. அதற்கெனப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டதையும், அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டதையும், எண்ணிக்கை ஒருபோதும் குறையலாகாது என்னும் பொருளில் அவை ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்று குறிக்கப்பட்டதையும் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அவ்வறம் வழக்கொழிந்துவிட்டது என்று எழுதிய ஆய்வாளர்கள், இந்நகராட்சியின் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவை நண்பகலில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உச்சி வெயிலில் அங்கே வரிசையாக எரியும் விளக்குகள், ஓர் ஆடும் இன்றி, ஓர் உழக்கு நெய்யும் இன்றி, சொத்துவரி ஒன்றைக் கொண்டே நகராட்சி அம்மரபைக் காத்துவருவதற்குக் கண்கூடான சான்றாகும். 90 வாட் விளக்கு ஒன்று பகலில் 12 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக மின்சாரம் செலவாகும் என்பது போன்ற சில்லறைக் கணக்குகள் இத்தகைய அறப்பணியில் பார்க்கத் தக்கவை அல்ல.

எனினும், பகலில் எரியும் விளக்கில் பழுது ஏதும் இல்லை என்பதையும், அதை அணைக்க வேண்டிய உறுப்பே பழுதாகியிருக்கிறது என்பதையும் அலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவது முறையாகும். தெருவிளக்கை ஏற்றி அணைக்கும் பொறுப்பு, சுற்றுப்புற வெளிச்சத்தை அறிந்து இயங்கும் ஒளியுணரிக்கோ, குறித்த நேரத்தில் இயங்கும் டைமருக்கோ உரியது. சாலை இருண்டு கிடப்பதைவிட விளக்கு வீணாக எரிவது மேல் என்பதால், ஒளியுணரிகள் பெரும்பாலும் தாம் செயலிழக்கும்போது விளக்கை எரியவிடும்படியே அமைக்கப்படுகின்றன. டைமரின் கட்டளைப்படி மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் தருகிற கான்டாக்டர் என்னும் சுவிட்சின் முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டாலும் விளைவு இதுவே. டைமரைத் திருத்தாமல் விட்டாலும் தொல்லைதான். சென்னையில் சூரியன் நவம்பர் இறுதியில் ஏறத்தாழ மாலை 5.40 மணிக்கும் ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 6.40 மணிக்கும் மறைவதால், ஆண்டு முழுவதும் ஒரே நேரத்துக்கு வைத்த டைமர் சில மாதங்களில் இருட்டிய பின்பும் சில மாதங்களில் வெயில் தாழும் முன்பும் விளக்கேற்றும். இவற்றுள் எது காரணம் என்று ஆராயும் சிரமத்தை அலுவலகம் தவிர்த்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுதல் என்னும் ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் தருகிறது. அதன் பின் விளக்கு பகலில் எரிவதில்லை, இரவிலும் எரிவதில்லை. புகாரும் தீர்ந்தது, மின்சாரமும் மிச்சம்.

இருட்டுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தால் பழுது பெரும்பாலும் அந்தக் கம்பத்துக்குள் இருக்கும். தெரு முழுவதும் அணைந்திருந்தால் சுவிட்ச் பெட்டியிலோ, அங்கிருந்து புறப்படும் கேபிளிலோ தேட வேண்டும். ஒன்று, நான்கு, ஏழு என இரண்டு விட்டு ஒன்றாக அணைந்திருந்தால் மூன்று ஃபேஸ்களில் ஒன்று போய்விட்டது என்று ஊகிக்கலாம், ஏனெனில் சாலை நடுத்திட்டு விளக்குகளைச் சுமை சமமாகும் பொருட்டு மூன்று ஃபேஸ்களிலும் மாற்றி மாற்றி இணைப்பது வழக்கம். இவ்வளவையும் ஏணி வைக்காமல் கீழே நின்று எண்ணியே அறியலாம். ஆனால் புகார்ப் பதிவேடு கேட்பது கம்ப எண் ஒன்றையே. அந்த எண்ணோ கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் அதன் மேல் ஒட்டிய டியூஷன் விளம்பரத்துக்கும் அடியில் இருக்கிறது. அதைச் சுரண்டிக் கண்டுபிடித்துச் சொன்னாலும், ஒரே ஃபேஸ் போனதால் அணைந்த பத்து விளக்குகள் பத்துத் தனிப் புகார்களாகப் பதிவாகி, பத்து விளக்குகளும் இறக்கி மாற்றப்பட்ட பிறகே பழுது மேலே இல்லை என்ற உண்மை வெளிப்படுகிறது.

விட்டுவிட்டு எரியும் விளக்குகளுக்கு அலுவலகம் காட்டும் பரிவு தனியே பேசத்தக்கது. பழைய தெருக்களில் இன்னும் மஞ்சள் ஒளி தரும் சோடியம் ஆவி விளக்கு முதுமை எய்தும்போது, அதன் குழலில் மின்வில் நிலைத்து நிற்கத் தேவையான மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கு அந்த அழுத்தத்தைத் தர இயலாத கட்டத்தில் விளக்கு அணைகிறது. சில நிமிடங்களில் குழல் ஆறியதும் மீண்டும் பற்றிக்கொள்கிறது. சூடேறியதும் மறுபடி அணைகிறது. இரவு 8 மணிக்குத் தெரியும் இந்த நோயைக் காண வயர்மேன் காலை 11 மணிக்கு அனுப்பப்படுகிறார். அவர் அண்ணாந்து பார்க்கிறார். எரியாத விளக்கில் அணையும் கோளாறு தென்படாததால் ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதுகிறார். பகலில் பார்த்து எழுதிய அவ்வறிக்கையில் பொய் ஏதும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்பத்தின் உச்சியிலிருந்து பார்வையைச் சற்று இறக்கினால், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஜங்ஷன் பெட்டி என்னும் சிறு பொந்து தெரியும். அதன் கதவு எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது; அவ்விடத்தில் ஜவுளிக்கடைப் பை ஒன்று கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருக்கிறது. உள்ளே கருகிய முனைகள், பிசுபிசுத்த இன்சுலேஷன் டேப், எறும்புப் புற்றின் மண், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய தடித்த செப்புக் கம்பி ஆகியவை காணப்படும். ஃபியூஸ் என்பது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் தான் உருகி, பழுதான கம்பத்தை மட்டும் வரிசையிலிருந்து பிரித்துவிடும் மெல்லிய கம்பி. அதை உருகவே உருகாத கம்பியாக மாற்றியதன் பயனாக, மழைநீர் புகுந்த ஒரே கம்பம் சுவிட்ச் பெட்டியின் பிரேக்கரை விழச்செய்து தெருவையே இருளாக்குகிறது. அக்கம்பத்தைக் கண்டறியும் வழியும் கடினமன்று. மின்சாரத்தைத் துண்டித்து, விளக்குகளின் இணைப்பையும் கழற்றிவிட்டு, வரிசையின் நடுவில் கேபிளைப் பிரித்து, இன்சுலேஷன் தாங்குகிறதா என்று சோதிக்கும் மெக்கர் கருவியை ஒரு பாதியில் வைத்தால் பழுது எந்தப் பாதியில் என்பது தெரிந்துவிடும். அப்பாதியை மறுபடி பாதியாக்கி இப்படியே போனால், 32 கம்பங்களுக்கு ஐந்து சோதனைகள் போதும். முதல் கம்பத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நடைமுறை, ஒப்பந்தக்காரரின் கூலிப் பட்டியலுக்கு மட்டுமே நன்மை செய்கிறது.

நகைப்பு இங்கே சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது. எர்த் கம்பி அறுந்த கம்பத்தில் ஃபேஸ் கம்பி உரசினால், கசியும் மின்சாரம் மண்ணுக்குள் போக எளிய வழி இல்லாததால் பிரேக்கர் விழுவதில்லை, விளக்கும் அணைவதில்லை. கம்பத்தின் உடல் மட்டும் 230 வோல்ட்டுடன், சாய்ந்துகொள்ளும் மாட்டுக்கோ ஈரக் கையுடன் தொடும் சிறுவனுக்கோ காத்திருக்கிறது. விளக்கு எரிவதால் புகார் இல்லை. புகார் இல்லாததால் பழுதும் இல்லை என்று பதிவேடு கூறுகிறது. எரியாத விளக்குகளை மட்டுமே எண்ணத் தெரிந்த பதிவேட்டுக்கு, ஊரிலேயே ஆபத்தான கம்பம் ஒழுங்காக எரியும் கம்பமாகத் தோன்றுகிறது.

2015இல் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியபின் நாடெங்கும் சோடியம் விளக்குகள் இறங்கி எல்.இ.டி விளக்குகள் ஏறியபோது, இத்தொல்லைகள் எல்லாம் தொலைந்தன என்று மன்றக் கூட்டங்களில் மேசை தட்டப்பட்டது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட 50,000 மணி நேரம் என்ற ஆயுள், இரவுக்கு 12 மணி நேரமாகக் கணக்கிட்டால் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஒளி உமிழும் சில்லுகளின் ஆயுள். மின்சாரத்தை அவற்றுக்கேற்ற நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் டிரைவர் என்னும் சிறு பெட்டியோ அதற்கு நெடுநாள் முன்பே விடைபெறக்கூடும். அதனுள் இருக்கும் மின்பகுளி மின்தேக்கிகள் வெப்பத்தில் உலர்கின்றன; வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. சில்லுகள் நலமாயிருக்க டிரைவரை மட்டும் மாற்றினால் போதுமான விளக்குகள், உத்தரவாதக் கடிதப் போக்குவரத்து முடியும்வரை கிடங்கில் குவிந்திருக்கின்றன.

அப்போக்குவரத்து முடியாததற்கும் காரணம் உண்டு. கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு நகராட்சியுடையது, பராமரிப்பு ஒப்பந்தக்காரருடையது, உத்தரவாதம் உற்பத்தியாளருடையது, விளக்கை மறைக்கும் வேப்பங்கிளை எவருடையது என்பது இன்னும் கோப்பில் இருக்கிறது. இருட்டு மட்டும் எந்தத் தகராறுமின்றிக் குடிமக்களுக்கு உரித்தாகியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டு, விளக்கு அணைந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதை இடையரின் பெயரோடு பொறித்துவைத்தது. அந்த அளவுக்குப் பின்தங்கிய நிர்வாக முறைக்குத் திரும்ப அலுவலகம் தயங்குவது புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆகவே குடிமக்கள் புதிய விளக்குகளை வேண்டவில்லை. வயர்மேனைப் பொழுது சாய்ந்தபின், மெக்கரும் அளவான ஃபியூஸ் கம்பியும் தந்து அனுப்புமாறும், மழைக்காலத்துக்கு முன் எரிகிற கம்பங்களின் எர்த்தையும் சோதிக்குமாறும், புகார்ப் பதிவேட்டில் ‘நடவடிக்கை’ என்ற கட்டத்துக்கு முன்னால் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வரையுமாறும் மட்டுமே வேண்டுகின்றனர். அக்கட்டத்தை நிரப்ப முடியாத வரை எந்தப் புகாருக்கும் ‘சரிசெய்யப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி போகலாகாது என்று ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். அதற்கு டெண்டர் தேவையில்லை, நிதி ஒதுக்கீடு தேவையில்லை, ஓர் அளவுகோலும் பேனாவும் அலுவலகத்திலேயே இருக்கும். இவ்விண்ணப்பத்தையும் வழக்கம்போல் முடித்துவைப்பதாயின், முதல் பதிவாக இதற்கே அக்கட்டத்தை நிரப்பிப் பழகுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
வரி நிலுவை இல்லாத குடிமக்கள்.