கூடத்து ரயிலியல்: 45 மி.மீ.க்குள் அடங்கியதும் அடங்காததும்

வீட்டு ரயில் என்பது எங்கும் போய்ச் சேராமல் இருப்பதற்காகவே ஓட்டப்படும் ரயில். அது சோபாவுக்குப் பின்னால் புறப்பட்டு, சாப்பாட்டு மேசையின் கால்களுக்கு நடுவே நுழைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். பயணிகள் இருந்தாலும் அவர்கள் இருக்கையோடு ஒட்டப்பட்டவர்கள்; நிலையம் வந்தாலும் இறங்கமாட்டார்கள். இவ்வகை ரயில்களில் உள்ளங்கைக்குள் அடங்குவனவும் உண்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டியனவும் உண்டு. இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுபவை பின்னவை மட்டுமே: தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை. 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சிறு ரயில் ஒரு மேசையோடு திருப்தி அடைந்துவிடும்; அதனால் ஒரு குடும்பத்துக்குள் ஆராயத்தக்க விளைவு எதுவும் ஏற்படுவதில்லை.

45 என்ற எண்ணின் தோற்றம் பற்றி அறிஞர்களிடையே பெரிய சண்டை இல்லை. இருந்திருந்தால் துறை இன்னும் வளர்ந்திருக்கும். ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-ல் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம் முதலில் செய்தது பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் பாத்திரம். ஒரு சட்டி வாங்கிய வீட்டில் அடுத்த பண்டிகைக்கு ஒரு கரண்டி வாங்குவார்கள் என்ற ஞானம் அந்தத் தொழிலில் கிடைத்தது. 1891-ல் லைப்சிக் வசந்தச் சந்தையில் அதே நிறுவனம் சாவி கொடுத்து ஓட்டும் ரயிலையும், துண்டு துண்டாகச் சேர்த்து நீட்டிக்கொள்ளக்கூடிய எட்டு வடிவத் தண்டவாளத்தையும் காட்சிக்கு வைத்தது. தண்டவாள அகலங்களுக்கு 1, 2, 3 என்று எண்கள் நிலைபெற்றதும் அப்போதுதான். ஒன்றாம் எண்ணின் அகலம் 45 மி.மீ. தொடக்கத்தில் அதை 48 என்று எழுதினார்கள். அன்றைய வழக்கப்படி ஒரு தண்டவாளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்தார்கள். இதைப் பாடபேதம் என்று கொள்வதா, அளவுகோல் பேதம் என்று கொள்வதா என்பது இன்னும் தீர்க்கப்படாத வினா.

பின்னர் வீடுகள் சிறுத்தன, ரயில்களும் சிறுத்தன. பெரிய ரயில் கிட்டத்தட்ட வழக்கொழிந்த நிலையில், 1968-ல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் அதை மீட்டுக் கொண்டுவந்தது. 1881 முதல் தகர பொம்மை செய்து வந்த நிறுவனம் அது. இம்முறை பொருள் பிளாஸ்டிக். மழையில் நனையலாம், பனியில் கிடக்கலாம், குழந்தை மிதிக்கலாம். தண்டவாளம் பித்தளை, அகலம் அதே 45. ஆனால் சுருக்க விகிதம் வேறு: 1:22.5. அதாவது இந்த 45 மி.மீ. குறிப்பது மீட்டர் கேஜை. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜில் பயணம் செய்த தலைமுறைக்கு அந்த அகலத்தை விளக்கத் தேவையில்லை.

எல்ஜிபியின் முதல் எஞ்சின் ‘ஷ்டைன்ஸ்’. ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்தில் ஓடிய, 1892-ல் லின்ஸ் நகர கிராவுஸ் ஆலையில் செய்யப்பட்ட, ஒரு குட்டி நீராவி எஞ்சினின் உருவம். இங்கே ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். மூல எஞ்சின் ஓடிய பாதையின் அகலம் 760 மி.மீ. அதை 22.5 ஆல் வகுத்தால் 34 மி.மீ.கூட வராது. ஆனால் பொம்மை ஓடுவது 45-ல். ஆக, துறையின் ஆதி எஞ்சினே அளவில் ஒரு பொய். இந்தப் பொய்க்கு யாரும் வருந்தவில்லை. வருந்தியிருந்தால் பிற்காலத்தார் இவ்வளவு துணிந்திருக்கமாட்டார்கள். அதே 45 மி.மீ. தண்டவாளத்தின் மீது 1:32-ல் செய்த எஞ்சினும் ஓடுகிறது. அப்போது அது உலகில் மிகப் பரவலான ஸ்டாண்டர்ட் கேஜான 1,435 மி.மீ.யைக் குறிக்கும், கணக்கும் சரியாக இருக்கும். 1:20.3-ல் செய்தால் அமெரிக்காவின் மூன்றடிப் பாதை, இதுவும் நேர்மையானதே. ஆனால் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சிலர் 1:29 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 45-ஐ 29 ஆல் பெருக்கினால் 1,305 வரும். அப்படி ஒரு கேஜ் அமெரிக்காவின் எந்தப் பெரிய ரயில்வேயிலும் இல்லை. எஞ்சின் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் சொல்வது கடினம். அந்த ஒரு நியாயமே போதும் என்று வாங்குபவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்.

இனி இத்துறையின் தலையாய விதி. எஞ்சினை ஆள்வது விலை அன்று, மின்சாரம் அன்று, வளைவு. நேர்த் தண்டவாளத்தில் எதையும் ஓட்டலாம், ஆனால் வீட்டில் நேர்க்கோடு ஐந்தாறு மீட்டரில் சுவரில் முட்டி நின்றுவிடும். திரும்பத்தான் வேண்டும். எல்ஜிபியின் மிகக் குறுகிய வளைவு 60 செ.மீ. ஆரம் கொண்டது, ஒவ்வொன்றும் 30 பாகை என்று பன்னிரண்டு துண்டு சேர்த்தால் 1.2 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஓடுவது இந்த வட்டம்தான். இதை 22.5 ஆல் பெருக்கினால் 13.5 மீட்டர் ஆர வளைவு வரும். அப்படி ஒரு வளைவைப் போடச் சொன்னால் எந்த ரயில்வேப் பொறியாளரும் ராஜினாமா எழுதிக் கொடுப்பார். வளைவுகளுக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தின் பெர்னினா மீட்டர் கேஜ் பாதையிலேயே குறைந்தபட்ச ஆரம் 45 மீட்டர். அதை நேர்மையாகச் சுருக்கினால் கூடத்தில் 4 மீட்டர் விட்டம் வேண்டும். அதே பாதையில் ரயில் தன்னையே சுற்றி இறங்கும் ப்ரூசியோ பாலத்தின் ஆரம் 70 மீட்டர், நீளம் 110. சுருக்கிய பின்னும் அது 6.2 மீட்டர் விட்டமும் கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளமும் கேட்கும். பாலத்தின் ஒன்பது கமான்களையும் கட்டி முடித்த பின் அந்த வீட்டில் மீதமிருப்பது சமையலறை மட்டும்.

சேகரிப்பாளர் இந்த விதியை அறிவார். வாங்கும் நேரத்தில் மட்டும் மறப்பார். யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் 1944 வரை 25 எண்ணிக்கையில் செய்யப்பட்ட ‘பிக் பாய்’ எஞ்சின், கரிப்பெட்டியோடு சேர்த்து சுமார் 40.5 மீட்டர். 1:32-ல் அது 1.26 மீட்டர் ஆகிறது. மேலே சொன்ன கிறிஸ்துமஸ் வட்டத்தின் விட்டம் 1.2. எஞ்சின், தான் ஓட வேண்டிய வட்டத்தைவிட நீளம் என்ற இந்த நிலையை வடிவியல் நூல்கள் போதிய அளவு விவாதிக்கவில்லை. பெரிய வளைவு போட்டு ஓட்டினாலும் மூக்கு தண்டவாளத்துக்கு வெளியே நீண்டு பூச்சாடியைத் தட்டும், வயிறு உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். எடையிலும் சிக்கல் உண்டு. நீளம் 32-ல் ஒரு பங்கானால் எடை 32-இன் மும்மடிப் பெருக்கத்தில், அதாவது 32,768-ல் ஒரு பங்காக வேண்டும். 544 டன் எஞ்சின் அப்படிச் சுருங்கினால் ஏறக்குறைய 16.6 கிலோ. காகிதத்தில் சின்ன எண். ஷெல்ஃபிலிருந்து இறக்கும்போது தெரியும்.

நீளம் சுருங்குகிறது, எடை அதைவிட வேகமாகச் சுருங்குகிறது, காலம் மட்டும் சுருங்குவதில்லை. ஷ்டைன்ஸ் எஞ்சின் ஓடிய பாதை சுமார் 11 கி.மீ. அதை 22.5 ஆல் வகுத்தால் 489 மீட்டர்; கிறிஸ்துமஸ் வட்டத்தில் ஏறத்தாழ 130 சுற்று. மூல எஞ்சின் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்து அதே விகிதத்தில் பொம்மையையும் ஓட்டினால், ஒரு சுற்றுக்கு 12 விநாடி, 130 சுற்றுக்கு 26 நிமிடம். நிஜ ரயிலுக்கும் அதே 26 நிமிடம்தான். பார்க்க வந்த உறவினர் மூன்றாம் சுற்றிலேயே காபி குடிக்கப் போய்விடுவார். எனவே நடைமுறையில் எல்லோரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள்; ஸ்டீரியாவின் மலையடிவார ரயில் கூடத்தில் எக்ஸ்பிரஸ் ஆகிவிடுகிறது.

இத்துறையை வகைப்படுத்த மேலைநாட்டார் பல பட்டியல் போட்டிருந்தாலும், நம் அகப்பொருள் இலக்கணம் அளவுக்கு எதுவும் பொருந்துவதில்லை. முதற்பொருள் நிலமும் பொழுதும்: நிலம் கூடம், பரண், தோட்டம், சிறுபொழுது வீட்டார் உறங்கிய பின், பெரும்பொழுது டிசம்பர். கருப்பொருளில் தெய்வம் பூனை. தண்டவாளத்தின் குறுக்கே அது படுத்துவிட்டால் சேவை ரத்து, மேல்முறையீடு இல்லை. உரிப்பொருளில் புணர்தல் என்பது பெட்டிகளை எஞ்சினோடு கொக்கி மாட்டுவது. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் வளையம். மெதுவாக நெருங்கினால் மாட்டும், அவசரப்பட்டால் பெட்டி தள்ளிக்கொண்டே போகும். இருத்தல் என்பது பார்சலுக்காகக் காத்திருப்பது, பிரிதல் என்பது எஞ்சினைப் பழுதுபார்க்க அனுப்புவது. இரங்கல் விலைப்பட்டியல் பார்க்கும்போது நிகழும்.

மருதத்துக்குரிய ஊடல் தனி விளக்கம் வேண்டுவது. கூடத்தில் தண்டவாளம் போட்டவர் அதை “ஞாயிற்றுக்கிழமை மட்டும்” என்று சொல்லியே போடுகிறார். திங்களன்று அது இருக்கும். புதனன்று ஒரு பாயின்ட்ஸ் கூடியிருக்கும். வட்டம் சலித்ததும், போன ரயில் திரும்பி அதே தடத்தில் எதிர்த்திசையில் வரும்படி ஒரு வளையம் போட ஆசை வரும். அந்த வளையத்தில் இடத் தண்டவாளம் சுற்றி வந்து வலத் தண்டவாளத்தைத் தொடும், இரண்டிலும் எதிரெதிர் மின்முனை, உடனே ஷார்ட். வளையத்தின் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து இணைத்தால் தீரும் சிக்கல்தான். ஆனால் அதற்கு இன்னும் நான்கு துண்டுத் தண்டவாளம் வேண்டும், அதற்கு சோபா நகர வேண்டும், சோபா நகர்ந்தால் டிவி நகர வேண்டும். ஊடலுக்குப் புலவர் காட்டும் காரணங்களுள் டிவி இல்லை என்பது மரபின் குறையே தவிரத் துறையின் குறை அன்று.

ஊடல் முற்றினால் ரயில் தோட்டத்துக்குப் போகும். தோட்டம் இடம் தாராளமாகத் தரும், பதிலுக்கு வேலை வாங்கும். பித்தளை வெயிலில் நீளும். 10 மீட்டர் தண்டவாளம் 40 பாகை வெப்பம் ஏறினால் சுமார் 7.6 மி.மீ. கூடும், இணைப்புகளில் இடைவெளி விடாதவருடைய பாதை பாம்புபோல் நெளிந்து எழும். மழையில் பித்தளை கறுக்கும், கறுத்த இடத்தில் மின்சாரம் தடைப்படும், எஞ்சின் விக்கும். ஆகவே ஒவ்வொரு காலையும் ஓட்டத்துக்கு முன் முழுப் பாதையையும் முட்டி போட்டுத் துடைக்க வேண்டும். ஓய்வுக்காக வாங்கிய ரயில் என்று இதைக் குறிப்பிடும் நூல்களும் உள்ளன. இலையை எடுத்துப் போடலாம். நத்தையை எஞ்சின் ஏறி நசுக்கிவிட்டால் சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். துடைத்துச் சலித்தவர்கள் எஞ்சினுக்குள் பேட்டரி வைத்து ரேடியோ மூலம் ஓட்டுகிறார்கள். இன்னும் சலித்தவர்கள் மின்சாரத்தையே விட்டு, பியூட்டேன் வாயுவிலோ ஸ்பிரிட்டிலோ நிஜ நீராவி எழுப்பும் எஞ்சினுக்கு மாறுகிறார்கள். சிறிய கொதிகலனுக்குக் கொள்ளளவைவிட மேற்பரப்பு விகிதத்தில் அதிகம் என்பதால் சூடு வேகமாக இறங்கும். தண்ணீரும் எரிபொருளும் சீக்கிரம் தீரும். விரல் சுடும். ஆனாலும் இவர்கள் முகத்தில் மின்சாரக்காரர்கள் முகத்தில் இல்லாத ஒரு களை உண்டு.

சேகரிப்பாளருள் ஓட்டுவோர், ஓட்டாதோர் என இரு பிரிவு. ஓட்டாதோர் எஞ்சினை அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. பெட்டி பிரிந்தால் மதிப்பு குறையும் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் பரணில் அடுக்கி வைத்திருப்பது எஞ்சினையா, அட்டையையா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சொல்ல முடியாது. ஓட்டுவோரின் எஞ்சினில் எண்ணெய் வாடையும் கீறலும் இருக்கும், பல் சக்கரம் தேய்ந்திருக்கும். இரு பிரிவினரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்க்கிறார்கள்.

புறனடையாகக் கருதத்தக்கவர் வால்ட் டிஸ்னி. லாஸ் ஏஞ்சல்ஸின் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில் தம் வீட்டைச் சுற்றி 1950-ல் அவர் போட்ட பாதையின் அகலம் ஏழே கால் அங்குலம், விகிதம் 1:8, நீளம் 2,615 அடி. ஆட்கள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து போகலாம். எஞ்சினுக்கு மனைவி லில்லியன் பெயரை ஒட்டி ‘லில்லி பெல்’ என்று பெயர் வைத்தார். அதோடு நிற்காமல், வீட்டு நிலத்தில் பாதை போகும் உரிமைக்கு மனைவியோடு சட்டமுறைப்படி ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார். பெயர் வைப்பது மட்டும் போதாது என்று அவர் உணர்ந்திருந்தது இத்துறையில் ஓர் அறிவு முதிர்ச்சி. லில்லியனின் மலர்ப் பாத்திக்குக் குறுக்கே போக வேண்டிய இடத்தில் பாதை நிலத்துக்கடியில், 90 அடி நீளச் சுரங்கத்துக்குள் இறங்கியது. சுரங்கத்தை நேராக வெட்டாமல் எஸ் வடிவில் வளைத்தார்கள். நுழைபவருக்கு மறுமுனை தெரியக்கூடாது என்பது நோக்கம். 1953-ல் வண்டி தடம் புரண்டு ஒரு குழந்தைக்குக் காயம் ஏற்பட்டதும் டிஸ்னி ஓட்டத்தை நிறுத்திவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1955 ஜூலையில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது அதைச் சுற்றி மூன்றடி அகலப் பாதையில் நீராவி ரயில் ஓடியது. அந்த ரயிலில் ஏறியவர்கள் நிலையத்தில் இறங்கினார்கள். எனவே அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.